ஆணி தேடிய தெரேசா

1567 ஆகஸ்ட் 14, நள்ளிரவு. ஸ்பெயினின் சந்தை நகரமான மெதினா தெல் காம்போவில் விடிந்தால் மாதா விண்ணேற்புத் திருவிழா. விழாவில் ஓடவிடும் காளைகளைத் தெருவழியே விரட்டி வந்து பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றின் கண்ணில் படாமல், திருப்பலிப் பாத்திரங்களையும் பூசை உடுப்புகளையும் சுமந்துகொண்டு சில கன்னியரும் குருக்களும் ஊரோரமாக நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு வயது 52. அவிலா நகரத்துத் தெரேசா.

புதிய கன்னியர் மடத்துக்காகப் பேசி முடித்திருந்த வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் நிலைமை தெரிந்தது. சுவர்கள் இடிந்து கிடந்தன. முற்றத்தில் மண் குவிந்திருந்தது. விடிவதற்குள் பீடம் தயாராக வேண்டும். ஒருமுறை பூசை நடந்து மணியடித்துவிட்டால் மடம் தொடங்கிவிட்டதாக அர்த்தம்; அதற்குப் பிறகு எதிர்ப்பவர்கள் வழக்குப் போட்டுத்தான் கலைக்க வேண்டும். ஒரு சீமாட்டியின் காரியஸ்தர் திரைச்சீலைகளும் நீலப் பட்டுக் கட்டில் விரிப்பு ஒன்றும் கொடுத்திருந்தார். மாட்டலாம் என்றால் ஆணி இல்லை. அந்த நேரத்தில் கடையா திறந்திருக்கும்? இருட்டில் சுவரைத் தடவிப் பழைய ஆணிகளைப் பிடுங்கினார்கள். குருக்கள் திரை கட்ட, கன்னியர் தரையைக் கூட்ட, கிழக்கு வெளுக்கும்போது மணி அடித்தது. கன்னியருக்கு உட்கார இடமில்லை. ஒரு கதவின் இடுக்கு வழியாகத்தான் பூசை கண்டார்கள்.

இத்தனையையும் தெரேசாவே பின்னால் எழுதி வைத்தார். நன்றாக விடிந்த பிறகு பார்த்தால் பீடம் ஏறக்குறைய தெருவிலேயே நின்றது, அதைக் கண்டு தன் நெஞ்சு துவண்டுபோனது என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த சில இரவுகளுக்குக் காவலுக்கு ஆள் வைத்தார். காவலாளி தூங்கிவிடுவானோ என்று தானே எழுந்து ஜன்னல் வழியாக, நிலா வெளிச்சத்தில், பார்த்துக்கொண்டார்.

உலகம் அறிந்த தெரேசாவோ வேறு. ரோமில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா ஆலயத்தில் பெர்னீனி செதுக்கிய பளிங்குச் சிலையில் அவர் கண் செருகி, வாய் பிளந்து, மேகத்தின் மேல் சாய்ந்திருக்கிறார்; வானதூதர் அம்போடு நிற்கிறார். அந்தக் காட்சியைத் தெரேசா எழுதியது உண்மை. சிலை ஒப்பற்ற கலைப்படைப்பு என்பதும் உண்மை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் செபப் பேராசிரியராக மதிக்கப்படும் ஒருவரின் வாழ்க்கையிலிருந்து மயங்கிக் கிடந்த கணத்தை மட்டும் எடுத்துப் பளிங்கில் நிறுத்திவிட்டால், மீதி நாட்களில் வாடகைக்கு வீடு தேடி, கடன் வாங்கி, மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டிய மனுஷி காணாமல் போய்விடுகிறார். அவருக்குச் செபமும் மடச் சீர்திருத்தமும் ஒரே வேலைதான். செபிக்க இடம் வேண்டும், அமைதி வேண்டும், உடன் இருப்பவர்கள் சமமாக இருக்க வேண்டும். இருக்கிற மடத்தில் அது இல்லையென்றால் புதிதாகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

தெரேசா 1515 மார்ச் 28 அன்று பிறந்தார். அப்பா அலோன்சோ வசதியானவர், கண்டிப்பானவர். அம்மா பெயாத்ரீஸுக்கு வீரசாகசக் கதைகள் என்றால் உயிர். அப்பாவுக்குத் தெரியாமல் தாயும் மகளும் படிப்பார்கள். சிறுமியாக இருந்தபோது தெரேசா அண்ணன் ரொட்ரிகோவைக் கூட்டிக்கொண்டு, இஸ்லாமியர் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாகத் தலை கொடுக்கலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பியதும், வழியில் சித்தப்பா பிடித்து வீடு சேர்த்ததும் அவிலாவில் இன்றும் சொல்லப்படும் கதை.

அந்த வீட்டில் ஒரு ரகசியமும் இருந்தது. தாத்தா ஹுவான் சான்செஸ் தொலேதோ நகரத்துத் துணி வியாபாரி. யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். மறைவாக யூதச் சடங்குகளைக் கடைப்பிடித்ததாக 1485-ல் மறைவிசாரணை மன்றத்தின் முன் நின்று, அவமான அங்கி அணிந்து, ஏழு வெள்ளிக்கிழமைகள் நகரத்துக் கோயில்களைச் சுற்றி வந்தார். பிறகு குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்து, வழக்காடி, பிரபுக் குடும்பம் என்று பெயர் வாங்கியது. இந்த விவரம் 1946-ல் பழைய வழக்குக் கட்டுகளிலிருந்துதான் வெளியே வந்தது. அதுவரை ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரேசாவைக் குறையற்ற பிரபுகுலப் பெண் என்றே புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தன. அவர் தன் எழுத்தில் ஓர் இடத்திலும் இதைச் சொல்லவில்லை. ‘மானம்’, ‘குலப்பெருமை’ என்ற சொற்கள் வந்தால் மட்டும் அவர் பேனாவுக்குக் கோபம் வந்துவிடும்.

இருபது வயதில் அவிலாவில் கார்மேல் சபையின் அவதாரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அப்பாவுக்குச் சம்மதமில்லை, சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் உடல் முறிந்தது. பெசேதாஸ் என்ற ஊரின் நாட்டு வைத்தியக்காரி கொடுத்த பேதி மருந்துகள் நோயை இன்னும் மோசமாக்கின. 1539 ஆகஸ்டில் நான்கு நாள் பேச்சு மூச்சில்லை. மடத்தில் குழி வெட்டி வைத்துவிட்டார்கள். கண் விழித்தபோது இமைகளின் மேல் மெழுகு ஒட்டியிருந்தது. இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கைகால் வழங்கவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு வந்த சோதனை வேறு வகையானது. மௌன செபம் அவருக்குப் பிடிபடவில்லை. இதை மறைக்காமல் எழுதியதால்தான் சாதாரண வாசகர் இன்றும் அவரை நம்புகிறார். செபத்துக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே காது போய்க்கொண்டிருக்குமாம். ஒரு கட்டத்தில், ‘நான் இதற்குத் தகுதியில்லாதவள்’ என்ற போலிப் பணிவில் ஓராண்டுக்கு மேல் மௌன செபத்தையே விட்டுவிட்டார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று பிற்காலத்தில் அதைத்தான் குறிப்பிட்டார். இந்த இழுபறி ஏறக்குறைய 18 ஆண்டுகள் நீடித்தது. 1554-ல், காயம்பட்ட கிறிஸ்துவின் சுரூபம் ஒன்றின் முன் உடைந்து அழுததிலிருந்து திசை மாறியது. அப்போது அவருக்கு 39 வயது. அந்தச் சமயத்தில்தான் புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கை அறிக்கையும் அவர் கைக்கு வந்தது.

செபம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது: நம்மை நேசிக்கிறார் என்று தெரிந்த ஒரு நண்பரோடு அடிக்கடி தனியாக உட்கார்ந்து பேசுவது. நிறைய யோசிப்பது முக்கியமில்லை, நிறைய நேசிப்பதே முக்கியம் என்பது அவர் கட்சி.

இந்தப் பேச்சு எப்படி வளர்கிறது என்பதை விளக்கத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நான்கு வழிகளைத் தன்வரலாற்றில் எடுத்துக்கொள்கிறார். முதலாவது, கிணற்றில் வாளி போட்டுக் கையால் இறைப்பது: தோள் வலிக்கும், கிடைப்பதோ சொற்பம். தொடக்கக்காரரின் செபம் இதுதான். அலைகிற மனத்தை இழுத்து இழுத்து உட்கார வைக்கும் உழைப்பு. இரண்டாவது, நீர்ச்சக்கரம் வைத்து இறைப்பது: உழைப்பு குறைவு, நீர் அதிகம், நடுவே சற்று மூச்சுவிடவும் முடியும். மூன்றாவது, ஆற்றிலிருந்து வாய்க்காலில் வரும் பாய்ச்சல்: மடையைத் திருப்பிவிட்டால் போதும். நான்காவது மழை. அதில் தோட்டக்காரனின் கை எதுவுமில்லை.

மழையைப் பற்றி அவர் எழுதியதைத்தான் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அவருடைய பாடத்தின் உயிர் முதல் கட்டத்தில் இருக்கிறது. வாளியை விட்டால் வறண்ட கிணற்றில் மண்தான் வருகிறது. அப்போது என்ன செய்வது? வழக்கமான நேரத்துக்கு வந்து வாளியை விட்டுக்கொண்டே இரு என்கிறார். தோட்டம் உன்னுடையதில்லை, உடையவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் வெறும் வாளி இழுத்தவர் சொல்வதால் இந்த யோசனைக்கு எடை கூடுகிறது.

இனி அவருக்கு வந்த காட்சிகள். அவற்றால் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் தொல்லைதான். காலம் அப்படி. கொர்தோபாவில் புனிதை என்று ஊரே கொண்டாடிய மக்தலேனா என்ற மடத் தலைவி, தன் அற்புதங்கள் எல்லாம் மோசடி என்று ஒப்புக்கொண்டு 1546-ல் தண்டனை பெற்றிருந்தார். காட்சி காண்கிறேன் என்று எந்தப் பெண் சொன்னாலும் குருக்கள் மிரண்டார்கள். தெரேசாவுக்கு வருவது பேயின் வேலை என்று முடிவு செய்து, காட்சியில் கிறிஸ்து தோன்றினால் கைவிரலை மடக்கி அவமதிப்புச் சைகை காட்டும்படி கட்டளையிட்டார்கள். மனம் ஒப்பாமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவர் அதையும் செய்தார். பிறகு, பட்டினி கிடந்து உடல் நலிந்த கன்னியர் சிலர் மணிக்கணக்கில் அசைவற்றிருந்து அதைப் பரவசம் என்று சொல்லிக்கொண்டபோது, தெரேசா எழுதிய மருந்துச்சீட்டு இது: தவத்தைக் குறை, நன்றாகச் சாப்பிடு, தூங்கு. பரவசத்துக்கும் மந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு நிதானமாகச் சொன்ன ஞானி குறைவு.

அவர் பின்னால் விட்டு வந்த அவதார மடம் கெட்டுப்போன இடம் என்று நினைத்துவிடக் கூடாது. நெரிசலான, ஏழ்மையான, வர்க்கபேதம் நிறைந்த இடம், பிரச்சினை அதுதான். 150-க்கும் மேற்பட்ட கன்னியர். பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள், பணிப்பெண்கள், பெயருக்கு முன் ‘தோன்யா’ பட்டம். வரதட்சணை குறைவாகக் கொண்டுவந்தவர்களுக்குப் பொதுக்கூடத்தில் படுக்கை. சாப்பாட்டுச் செலவு தாங்காமல் மடமே கன்னியரை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவைக்கும். பார்வையாளர் அறையில் நாள் முழுவதும் பேச்சுச் சத்தம். தெரேசா நல்ல பேச்சுக்காரர்; அவரைத் தேடி வந்தவர்கள் ஏராளம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

1562 ஆகஸ்ட் 24 அன்று, அவிலாவிலேயே, புனித சூசையப்பர் பெயரில் ஒரு சிறு வீட்டில் நான்கு ஏழைப் பெண்களோடு புதிய மடம் பிறந்தது. பணத்தில் ஒரு பகுதி தென் அமெரிக்காவிலிருந்து அண்ணன்தம்பிகளில் ஒருவரான லொரென்சோ அனுப்பியது. ஊர் கொதித்தது. நிரந்தர வருமானம் இல்லாத மடத்தை யார் காப்பாற்றுவது என்று நகர மன்றம் வழக்குத் தொடுத்தது.

அந்த மடத்துக்குத் தெரேசா எழுதிய ஒழுங்குகளை வாசிப்பது ஒரு தனி அனுபவம். ஒரு மடத்தில் 13 பேர் போதும் என்றார்; பின்னர் உச்சவரம்பு 21 ஆனது. ‘தோன்யா’ பட்டம் கிடையாது, எல்லாரும் சகோதரிகள். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மௌன செபம். காலில் கயிற்றுச் செருப்பு. ‘காலணி அணியாத கார்மேல் சபை’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது. வயிற்றுப்பாட்டுக்கு நூல் நூற்பது போன்ற கைவேலை. விற்கும்போது பேரம் பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு கையில் வேலையோடு உட்கார்ந்து சிரித்துப் பேசவும் நேரம் உண்டு. வீடு பெருக்கும் முறைப்பட்டியலில் முதல் பெயர் மடத் தலைவியுடையது. மறைபொருள் ஞானத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவரின் சீர்திருத்தம் எவ்வளவு தரையில் கால் ஊன்றியது என்பதற்கு இந்த ஒரு வரி போதும் என்று தோன்றுகிறது.

1559-ல் மறைவிசாரணை மன்றம் தாய்மொழியில் இருந்த ஆன்மிக நூல்களில் பலவற்றைத் தடைசெய்திருந்தது. இலத்தீன் தெரியாத கன்னியர் எதைப் படிப்பது? அவர்கள் கேட்டதால் தெரேசாவே ‘நிறைவின் வழி’ என்ற நூலை எழுதினார். அதில் பெண்களின் செபத்தையும் அறிவையும் சந்தேகிக்கும் நீதிபதிகள் எல்லாருமே ஆண்கள் என்று ஒரு பத்தியில் குமுறியிருந்தார். தணிக்கை செய்த குரு அதை அடித்துவிட்டார். தெரேசா வாதாடவில்லை, அந்தப் பத்தியை விட்டுவிட்டுப் புத்தகத்தை மறுபடி எழுதினார். அடித்த பிரதி அழியவில்லை. எஸ்கோரியல் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. கோடுகளுக்கு அடியில் இருந்ததை அறிஞர்கள் படித்துவிட்டார்கள்.

மெதினாவுக்குப் பிறகு மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். மொத்தம் 17 மடங்கள். மெதினாவில்தான் 25 வயது இளம் குரு ஒருவரைச் சந்தித்தார். பின்னாளில் சிலுவை யோவான் என்று புகழ்பெற்றவர். உயரம் குறைவு. அவரையும் இன்னொரு வயதான குருவையும் சேர்த்து, ஆண்கள் மடம் தொடங்க ஒன்றரைத் துறவி கிடைத்துவிட்டார்கள் என்று தெரேசா சிரித்ததாகச் சொல்வார்கள்.

தொலேதோவில் 1569-ல் மடம் தொடங்கப் போனபோது கையில் இருந்தது மூன்று நான்கு துக்காத் நாணயம். அதில் இரண்டு படம், இரண்டு வைக்கோல் மெத்தை, ஒரு கம்பளி வாங்கினார். அந்த மடத்துக்கு உதவிய குடும்பம் வியாபாரக் குடும்பம். அவர்களுக்குக் கோயிலில் புரவலர் உரிமையும் கல்லறையும் தரக்கூடாது, அது பிரபுக்களுக்கே உரியது என்று பெரிய மனிதர்கள் அழுத்தினார்கள். தெரேசா வியாபாரியின் பக்கம் நின்றார். தாத்தா அவமான அங்கியோடு நடந்த அதே நகரம் அது.

சாலமாங்காவில் வாடகைக்கு எடுத்த வீட்டிலிருந்து மாணவர்கள் எரிச்சலோடு காலி செய்து போயிருந்தார்கள். உடன் வந்த மூத்த கன்னியருக்கு யாராவது மச்சில் ஒளிந்திருப்பார்களோ என்று பயம். இறந்தோர் நினைவுக்கான மணி ஊரெங்கும் ஒலிக்க, தான் இப்போது செத்துப்போனால் தனியாக என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். அப்படி நடக்கும்போது யோசிக்கிறேன், இப்போது தூங்கவிடு என்றார் தெரேசா.

பஸ்த்ரானாவில் மடத்தின் புரவலரான எபோலி இளவரசியோடு பட்டபாடு தனிக் கதை. கணவர் இறந்ததும் பணிப்பெண்கள் சகிதம் மடத்தில் வந்து குடியேறி எல்லாரையும் ஆட்டிவைத்தார் இளவரசி. கன்னியர் இரவோடு இரவாகக் கிளம்பி செகோவியா போய்விட்டார்கள். இளவரசி தெரேசாவின் தன்வரலாற்று நூலை மறைவிசாரணை மன்றத்துக்குக் காட்டிக்கொடுத்தார். கையெழுத்துப் பிரதி மன்றத்தின் கைக்குப் போனது.

1571-ல் மேலிடம் தெரேசாவைப் பழைய அவதார மடத்துக்கே தலைவியாக நியமித்தது. தங்களைக் கேட்காமல் நியமித்ததில் கன்னியருக்கு ஆத்திரம். வாசலிலேயே கூச்சல், தள்ளுமுள்ளு. முதல் கூட்டத்துக்கு அவர்கள் வந்தபோது தலைவியின் ஆசனத்தில் மாதா சுரூபம் அமர்ந்திருந்தது, மடத்தின் சாவிகள் மாதாவின் கையில். தெரேசா கீழே, சுரூபத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தார். சண்டை போட வந்தவர்களுக்கு யாரோடு போடுவது என்று தெரியவில்லை. தலைவியாக இருந்த மூன்று ஆண்டுகளில் அவர் முதலில் பார்த்தது சாப்பாட்டுப் பிரச்சினையை; பார்வையாளர் அறைக் கட்டுப்பாடு அதற்கு அப்புறம். ஆறு ஆண்டு கழித்து, 1577 அக்டோபரில், அதே கன்னியர் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று தடுக்க வந்த அதிகாரி, தெரேசாவுக்கு விழுந்த ஒவ்வொரு வாக்குச்சீட்டையும் முஷ்டியால் குத்தி, போட்டவரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தார். அப்படியும் 55 பேர் போட்டார்கள். நடந்ததைத் தெரேசா ஒரு கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டு முழுவதும் புயல்தான். பழைய கார்மேல் சபையினர் புதியவர்களை ஒடுக்கப் பார்த்தார்கள். திருத்தந்தையின் புதிய தூதர் சேகா, அடங்காமல் ஊர் சுற்றும் பெண் என்று தெரேசாவைச் சாடினார். தபால் நடுவழியில் பிரிக்கப்படும் என்பதால் கடிதங்களில் எல்லாருக்கும் மாற்றுப் பெயர்; சிலுவை யோவான் ‘செனேகா’, தெரேசா ‘ஆஞ்சலா’. இந்த அமளிக்கு நடுவே ஜூன் 2-ல் தொடங்கி நவம்பர் 29-ல் முடித்த நூல்தான் ‘அகக் கோட்டை’. ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட படிகக் கோட்டையாகக் கண்டு, உள்ளே உள்ளே போகும் பயணத்தைச் சொல்லும் அந்தப் புத்தகத்தில் பதற்றத்தின் சாயலைத் தேடினாலும் கிடைக்காது. ஏழாவது உறைவிடத்துக்கு, அதாவது இறைவனோடு முழுமையாக ஒன்றிய நிலைக்கு, வந்தவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அவர் தரும் பதில்: வேலை செய்வார். ஆன்மிகத் திருமணத்தின் பயன் நற்செயல்களே.

எழுதி முடித்த சில நாட்களில் யோவானைப் பழைய சபையினர் கடத்திக்கொண்டு போனார்கள். தெரேசா டிசம்பர் 4-ல் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கே நேராகக் கடிதம் எழுதினார். இஸ்லாமியரான மூர்களிடம் சிக்கியிருந்தால்கூட அவர் இதைவிடப் பத்திரமாக இருப்பார் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் உண்டு. தொலேதோவில் ஒரு சிறு அறையில் அடைபட்டிருந்த யோவான், 1578 ஆகஸ்டில் போர்வையைக் கிழித்துக் கயிறாக்கித் தப்பினார். 1580-ல் ரோம் புதிய சபையைத் தனி நிர்வாகப் பிரிவாக அங்கீகரித்தது.

தெரேசா இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு, ஆல்பா தெ தோர்மெஸ் மடத்தில். கிரிகோரியன் நாள்காட்டி அமலுக்கு வந்ததால் ஸ்பெயினில் மறுநாள் அக்டோபர் 15. அவர் திருநாள் அன்றுதான் கொண்டாடப்படுகிறது. ஆறு ஆண்டு கழித்து அவர் நூல்களை முதன்முதலாகத் தொகுத்து அச்சேற்றியவர் சாலமாங்காப் பேராசிரியர் லூயிஸ் தெ லெயோன். அவரும் மறைவிசாரணைச் சிறையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு இருந்து வந்தவர். 1622 மார்ச் 12 அன்று புனிதர் பட்டம் பெற்ற ஐவரில் தெரேசாவும் ஒருவர். நம் முத்துக்குளித்துறையில் பரவரிடையே பணிசெய்த பிரான்சிஸ் சவேரியாரும் அதே நாளில் பட்டம் பெற்றார்.

தெரேசாவின் புத்தகங்களின் பயணம் அதோடு நிற்கவில்லை. 1921-ல் ஜெர்மனியில் எடித் ஸ்டெயின் என்ற யூதப் பெண் தத்துவ அறிஞர், நண்பர் வீட்டில் தற்செயலாகத் தெரேசாவின் தன்வரலாற்றை எடுத்து ஒரே இரவில் படித்து முடித்தார். அடுத்த ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். பின்னர் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1942-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். துறவறத்தில் அவர் எடுத்துக்கொண்ட பெயரில் தெரேசாவும் இருந்தது.

திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டத்தைத் தெரேசாவுக்குத் தரலாம் என்ற யோசனை 1920-களில் ரோம் வரை போய், பெண் என்ற காரணத்தால் நின்றுபோனது. 1970 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அதைக் கொடுத்தார். பட்டம் பெற்ற முதல் பெண் தெரேசா. ஒரே வாரத்தில் சியன்னாவின் கத்தரீனாள் இரண்டாமவர் ஆனார். அதன்பின் 1997-ல் குழந்தை இயேசுவின் தெரேசா, 2012-ல் பிங்கன் நகர ஹில்டகார்ட். இந்த நால்வரில் குழந்தை தெரேசா வாழ்ந்த பிரான்சின் லிசியே மடம், பெருக்கும் முறையை மடத் தலைவியிலிருந்து தொடங்கச் சொன்னவரின் சபையைச் சேர்ந்தது.